உங்கள் கேமராவும் சம்பாதிக்கும்! ஆனால் எவ்வளவு?
மைக்ரோஸ்டாக் தளங்களில் போட்டோ விற்பது பற்றி ஒரு முழு விளக்கம்

விண்டோஸ் எக்ஸ்பி பயன்படுத்திய யாரும் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். பச்சைப் புல் போர்த்திய ஒரு மேடு, மேலே நீல வானம், அங்கங்கே வெள்ளை மேகம். பள்ளியில் கம்ப்யூட்டர் லேப், தெருமுனையில் பிரவுசிங் சென்டர் என்று எந்த மானிட்டரைப் பார்த்தாலும் அதுதான் இருக்கும். அதை கிராபிக்ஸ் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். உண்மையில் அது ஒரு போட்டோ. 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சொனோமா பகுதியில் காரில் போய்க்கொண்டிருந்த சார்லஸ் ஓ'ரியர் என்ற போட்டோகிராபர், வழியில் இறங்கி பிலிம் கேமராவில் எடுத்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி மைக்ரோசாப்ட் அவரிடம் கேட்கவில்லை. அவராக எடுத்தார், படங்களை விற்றுத் தரும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்து வைத்தார். சில வருடங்கள் கழித்து மைக்ரோசாப்ட் அதைப் பார்த்து, முழு உரிமையையும் வாங்கியது. இப்படி யாருக்குத் தேவைப்படும் என்று தெரியாமலேயே முன்கூட்டி எடுத்து, விற்பனைக்கு அடுக்கி வைக்கும் படத்துக்குத்தான் ஸ்டாக் போட்டோ என்று பெயர்.

அந்தக் காலத்தில் ஏஜென்சிகளின் கதவு தொழில்முறை போட்டோகிராபர்களுக்கு மட்டுமே திறந்தது. இப்போது ஒரு கேமராவும், கம்ப்யூட்டரும், இன்டர்நெட் இணைப்பும் உள்ள யாரும் படம் விற்கலாம். நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். 2019-ல் இருந்து வார இறுதிகளில் இதைச் செய்து வருகிறேன். இதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மைக்ரோஸ்டாக் வந்த கதை

முன்பெல்லாம் ஒரு விளம்பரத்துக்கு ஸ்டாக் போட்டோ வாங்க நூற்றுக்கணக்கான டாலர் செலவாகும். படம் எத்தனை பெரிதாக அச்சாகிறது, எந்த நாட்டில், எத்தனை மாதம் என்று கணக்குப் பார்த்து விலை சொல்வார்கள். சிறிய கம்பெனிகளுக்கு அது கட்டுப்படியாகாது.

2000-ம் ஆண்டில் கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் ஐஸ்டாக்போட்டோ என்ற வெப்சைட்டைத் தொடங்கினார். முதலில் அது டிசைனர்கள் தங்களுக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் இலவச இடம்தான். சர்வர் செலவு ஏறவே, படத்துக்குச் சில சென்ட் என்று கட்டணம் வைத்தார்கள். நூறு டாலர் படத்துக்கு எதிரே கால் டாலர் படம்! இந்தச் சிறிய விலையால்தான் 'மைக்ரோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2003-ல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் என்ற புரோகிராமர் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். தானே எடுத்த சுமார் 30,000 படங்களைப் போட்டு அவர் கடை திறந்தார். மாதச் சந்தா கட்டினால் வேண்டிய படங்களை டவுன்லோடு செய்யலாம் என்பது அவர் கொண்டுவந்த முறை. 2004-ல் ட்ரீம்ஸ்டைம், 2005-ல் போட்டோலியா என்று வரிசையாக வந்தன.

பெரிய ஏஜென்சிகள் முதலில் இதை ஏளனமாகப் பார்த்தாலும் பிறகு சும்மா இருக்கவில்லை. 2006-ல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலர் கொடுத்து ஐஸ்டாக்போட்டோவை வாங்கியது. போட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி 2014 டிசம்பரில் அறிவித்தது. 2015-ல் அடோபி ஸ்டாக் வந்தது. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப் போவதாக அறிவித்தன. டிசைனர்களின் கைமாற்றாகத் தொடங்கியது கால் நூற்றாண்டுக்குள் இவ்வளவு பெரிய வியாபாரமாகி விட்டது.

ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசமா?

இல்லை. புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். வாங்குபவர் ஒரு முறை பணம் கட்டினால் போதும், ஒவ்வொரு தடவை பயன்படுத்தும்போதும் மறுபடி ராயல்டி தர வேண்டாம் என்பதே இதன் பொருள். படத்தின் காப்பிரைட் உங்களிடமே இருக்கும். நீங்கள் விற்பது படத்தை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை மட்டும். அதனால் ஒரே படத்தை ஆயிரம் பேருக்கு விற்கலாம். ஒரே படத்தைப் பல தளங்களிலும் போட்டு வைக்கலாம். ஒரு தளத்துக்கு மட்டுமே தருகிறேன் என்று 'எக்ஸ்குளூசிவ்' ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் அது கூடாது.

அனுமதிக்கும் எல்லை உண்டு. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டிலும் சாதாரண லைசென்சில் ஐந்து லட்சம் பிரதிகள் வரை அச்சடிக்கலாம். அதற்கு மேல் போனாலோ, டி-ஷர்ட், காபிக் கோப்பை என்று படத்தையே பொருளாக விற்றாலோ, கூடுதல் விலை கொடுத்து பெரிய லைசென்ஸ் வாங்க வேண்டும். அப்படி ஒன்று விற்றால் அந்த மாதம் உங்களுக்கு மகிழ்ச்சியான மாதம்.

யார் வாங்குகிறார்கள்? எதை?

பத்திரிகைகள், பாடப்புத்தகப் பதிப்பாளர்கள், விளம்பரக் கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், பிரசன்டேஷன் செய்பவர்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். இவர்கள் தேடுவது கலைப் படைப்பை அல்ல. ஒரு கருத்தைச் சட்டென்று சொல்லும் படத்தை. அதிலும் ஒரு பக்கம் எழுத்து போட காலி இடம் இருந்தால் இன்னும் நல்லது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. மெரினாவில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று எடுத்த சூரிய உதயப் படங்கள் நாற்பது போட்டேன். இன்று வரை அதில் இரண்டுதான் விற்றிருக்கின்றன. சூரியன் உலகம் முழுவதும் உதிக்கிறது, எல்லோரும் அதை எடுக்கிறார்கள்! ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு வெளியே போக முடியாமல், வீட்டுச் சுவரில் இருந்த மூன்று துளை பிளக் பாயிண்ட்டை எடுத்துப் போட்டேன். என் படங்களில் அதிகம் விற்றது அதுதான். காரணம் யோசித்துப் பார்த்தால் எளிது. நம் ஊர் பிளக் பாயிண்ட் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இல்லை. இந்தியாவுக்கு வரும் பயணிகளுக்கு எழுதுபவர்கள், மின்சாரம் பற்றி எழுதுபவர்கள் எல்லோருக்கும் அது தேவை. அங்கிருப்பவரால் எடுக்க முடியாது, இங்கிருப்பவருக்கு எடுக்கத் தோன்றாது.

எனவே உங்கள் வீட்டையும் தெருவையும் ஒரு வெளியூர்க்காரர் கண்ணால் பாருங்கள். தண்ணீர்க் குடம், டபரா டம்ளர், மொட்டை மாடியில் காயும் வற்றல், கேஸ் சிலிண்டர், மாத்திரைப் பட்டை, வாசல் கோலம், ஓட்டுப் போட்ட விரல் மை. உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவதில்தான் விற்கும் படம் ஒளிந்திருக்கிறது.

என்னென்ன தேவை?

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டும் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல். இன்றைய செல்போன்களே இதைத் தாண்டி விடுகின்றன. ஆனால் செல்போன் படங்களில் வெளிச்சம் குறைந்தால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும். நான் பயன்படுத்துவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டிஎஸ்எல்ஆர், ஒரு 50 எம்எம் லென்ஸ், ஒரு டிரைபாட். லைட்டுக்கு ஜன்னல், எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டை. அவ்வளவுதான்.

சாப்ட்வேருக்கும் செலவு வேண்டாம். ரா பைல்களைத் திருத்த டார்க்டேபிள் அல்லது ராதெரபி, மற்ற எடிட்டிங் வேலைக்கு ஜிம்ப் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. முடித்த படத்தை எஸ்ஆர்ஜிபி கலர் முறையில், மிக உயர்ந்த தரத்தில், ஜேபெக் பைலாக சேவ் செய்யுங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கி அனுப்பாதீர்கள், கண்டுபிடித்து விடுவார்கள். ஒரிஜினல் பைலை வேறொரு ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் கான்ட்ரிபியூட்டராகப் பதிவு செய்வதும் இலவசமே. சேருவதற்கு முன்பணம் கேட்கும் வெப்சைட் எதுவாக இருந்தாலும் அப்படியே மூடிவிடுங்கள். நல்ல தளங்கள் விற்பனையில் பங்கு எடுத்துக்கொள்ளும், உங்களிடம் கட்டணம் கேட்காது.

படத்தை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

அனுப்பும் படம் உடனே விற்பனைக்கு வந்துவிடாது. பரிசோதனை உண்டு. ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு காலத்தில் முதலில் 10 படங்கள் அனுப்ப வேண்டும், அதில் 7 தேறினால்தான் உள்ளே விடுவார்கள். பிறகு 2016 வாக்கில் ஒன்று தேறினால் போதும் என்று தளர்த்தினார்கள். நான் முதன்முதலில் ஒரு தளத்துக்கு அனுப்பிய பத்தும் திரும்பி வந்தன. இரண்டு நாள் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் படங்களை மானிட்டரில் 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். வழக்கமாக வரும் காரணங்கள் இவை:

1. போகஸ் சரியில்லை. சிறிய அளவில் தெளிவாகத் தெரியும் படம், 100 சதவீதத்தில் மங்கலாக இருக்கும். அனுப்பும் முன் ஒவ்வொரு படத்தையும் இந்த அளவில் பாருங்கள்.

2. நாய்ஸ். ஐஎஸ்ஓ எண்ணை 100 அல்லது 200-ல் வையுங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் டிரைபாட் போட்டு ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள்.

3. ஓரங்களில் ஊதா நிறக் கோடு. வெள்ளை வானத்துக்கு எதிரே இருக்கும் இலை, கம்பி ஆகியவற்றில் இது வரும். ரா கன்வெர்ட்டரில் இதற்கென்று ஒரு டிக் பாக்ஸ் உள்ளது.

4. கேமரா சென்சாரில் தூசி. வானத்தில் சாம்பல் நிற வட்டமாகத் தெரியும். க்ளோன் அல்லது ஹீல் டூலால் அழித்துவிடலாம்.

5. கம்பெனி முத்திரை. என் பிளக் பாயிண்ட் படமே முதலில் இதனால்தான் திரும்பி வந்தது. சுவிட்சின் மூலையில் கடுகு அளவில் ஒரு கம்பெனி பெயர் இருந்தது. அதை அழித்து மறுபடி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள்.

6. ஒரே மாதிரியான படங்கள். ஒரு பூவைப் பன்னிரண்டு தடவை எடுத்து பன்னிரண்டையும் அனுப்பினால் மறுத்து விடுவார்கள். நல்லதாக இரண்டு மூன்று தேர்ந்தெடுங்கள்.

முகம் இருந்தால் கையெழுத்து வேண்டும்

படத்தில் உள்ளவரை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தால், வியாபார உபயோகத்துக்கு அவரிடம் 'மாடல் ரிலீஸ்' படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை அந்தந்தத் தளத்திலேயே டவுன்லோடு செய்யலாம். பின்னால் இருந்து எடுத்தாலும், பச்சை குத்தியிருப்பதை வைத்து அடையாளம் தெரிந்தால்கூடக் கேட்பார்கள். தனியார் கட்டிடம், ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கு 'பிராப்பர்டி ரிலீஸ்'. பாரிஸ் நகரின் ஈபிள் டவர் இதற்கு நல்ல உதாரணம். 1889-ல் கட்டிய அந்தக் கோபுரத்துக்கு இப்போது காப்பிரைட் கிடையாது. ஆனால் இரவில் அதில் எரியும் விளக்கு அலங்காரத்துக்கு உண்டு. எனவே பகலில் எடுத்த படம் விற்கலாம், இரவில் எடுத்ததை வியாபார உபயோகத்துக்கு அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

கையெழுத்துதானே, வாங்கிவிட்டால் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். மனிதர்கள் உள்ள படங்கள் நன்றாக விற்கும் என்று படித்ததும், என் அக்காவை சமையலறையில் வைத்து ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்தேன். அருமையாக வந்திருந்தது. சாயங்காலம் படிவத்தை நீட்டினேன். அக்கா அதை வரி விடாமல் படித்துவிட்டு, "இந்தப் படத்தை யார் வாங்குவாங்க, எங்கே போடுவாங்கன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. விற்ற பிறகு வாங்கியவர் யார் என்றுகூட தளம் சொல்வதில்லை. எந்த நாட்டில் விற்றது என்று வேண்டுமானால் சில தளங்களில் பார்க்கலாம். ஆபாசமாகவோ அவமானப்படுத்தும் வகையிலோ பயன்படுத்தக் கூடாது என்று லைசென்சில் விதி இருக்கிறது. ஆனால் மீறுபவரை அமெரிக்காவிலோ பிரேசிலிலோ தேடிப் பிடிப்பது யார்?

அண்ட்ராஸ் அராட்டோ என்ற ஹங்கேரி நாட்டு எலக்ட்ரிகல் இன்ஜினியரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும். வெள்ளைத் தாடியோடு, வலியை மறைத்துக்கொண்டு சிரிப்பது போன்ற முகம். ஒரு போட்டோகிராபர் கேட்டதால் ஸ்டாக் படங்களுக்கு போஸ் கொடுத்தார். 2011 வாக்கில் தற்செயலாக இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தபோது, தன் முகத்தை உலகமே கேலிச் சித்திரமாக்கி இருப்பதைக் கண்டார். முதலில் அதிர்ந்து போனவர், பிறகு அதையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு மேடைகளில் பேசினார். எல்லோருக்கும் அந்த மனது வராது.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அந்தப் படங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கின்றன. அடுத்த வாரம் அக்காவே, "கையை மட்டும் எடுத்துக்கோ" என்றாள். மாவு பிசையும் கை, கறிவேப்பிலை உருவும் கை, மாத்திரை எண்ணும் கை. அவை நன்றாகவே விற்கின்றன. உங்களிடம் நான் சொல்வதும் அதுதான். வீட்டு ஆட்களிடமோ நண்பர்களிடமோ கையெழுத்து வாங்கும் முன், படம் எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வேலைக்கார அம்மா, தெருவில் விளையாடும் பிள்ளைகள் என்று, மறுக்கத் தயங்குபவர்களிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

கையெழுத்து வாங்க முடியாத திருவிழா, ஊர்வலம், மார்க்கெட் படங்களுக்கு 'எடிட்டோரியல்' என்று தனிப் பிரிவு உண்டு. செய்தி, கட்டுரை, பாடப்புத்தகம் ஆகியவற்றில் மட்டும் பயன்படுத்தலாம், விளம்பரத்தில் கூடாது. ஊர், நாடு, தேதியோடு விவரம் எழுத வேண்டும். படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது.

கீவேர்டு: பாதி வேலை இதுதான்

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேடுபவர் கண்ணில் படாவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பும் கீவேர்டுகளும் கொடுக்க வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் 50 வரை, அடோபி ஸ்டாக்கில் 49 வரை கொடுக்கலாம். அடோபியில் முதல் பத்துக்கு முக்கியத்துவம் அதிகம், எனவே வரிசை முக்கியம்.

ஒரு உதாரணம். முருங்கைக்காய் படம் எடுத்து, நம் ஊர் ஆங்கிலத்தில் 'டிரம்ஸ்டிக்' என்று மட்டும் கீவேர்டு கொடுத்தால் என்ன ஆகும்? கோழிக்கால் தேடும் அமெரிக்கர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்! அங்கே ஆரோக்கிய உணவு விற்பவர்கள் தேடும் வார்த்தை 'மொரிங்கா'. நம் முருங்கையில் இருந்து போன பெயர்தான் அது. அதை முதலில் கொடுங்கள். பிறகு டிரம்ஸ்டிக், காய்கறி, பச்சை, தென்னிந்தியா, சமையல், சத்துணவு என்று போகலாம். படத்தில் இல்லாததைச் சேர்க்காதீர்கள். பொய்க் கீவேர்டுக்கு தளத்தில் தண்டனை உண்டு.

இந்த விவரங்களை ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியாக டைப் செய்ய வேண்டாம். ஐபிடிசி என்ற முறையில் ஜேபெக் பைலுக்குள்ளேயே எழுதிவிடலாம். எக்சிப்டூல் என்ற இலவச சாப்ட்வேர் இதற்கு உதவும். ஒரு முறை எழுதிவிட்டால், எந்தத் தளத்தில் அப்லோடு செய்தாலும் தலைப்பும் கீவேர்டுகளும் தானாக வந்து உட்காரும்.

பணக் கணக்கு

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி. அடோபி ஸ்டாக் போட்டோக்களுக்கு விற்பனையில் 33 சதவீதம் தருகிறது. ஐஸ்டாக், எக்ஸ்குளூசிவ் அல்லாதவர்களின் போட்டோக்களுக்கு 15 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் வரை சந்தா டவுன்லோடு ஒன்றுக்கு 25 சென்ட் முதல் 38 சென்ட் வரை நிலையான தொகை இருந்தது. ஒரு முறை மேல்படிக்குப் போனால் போனதுதான், கீழே இறங்க வேண்டாம். அந்த மாதம் முறையை மாற்றினார்கள். இப்போது 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படிகள். ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எல்லோரும் முதல் படிக்குத் திரும்பி வர வேண்டும். வருடத்தில் 100 டவுன்லோடு வரை 15 சதவீதம்தான். குறைந்தபட்சத் தொகை 10 சென்ட்.

சதவீதம் கேட்க நன்றாக இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி மாதம் 200 டாலர் சந்தா கட்டி 750 படங்கள் வரை எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்தின் விலை சுமார் 27 சென்ட். அதில் 15 சதவீதம் 4 சென்ட். அதனால்தான் 10 சென்ட் என்ற குறைந்தபட்சம் வந்து நிற்கிறது. அந்தக் கம்பெனி அந்த மாதம் 50 படம் மட்டுமே எடுத்தாலும் உங்களுக்கு அதே 10 சென்ட். மீதிப் பணம் உங்கள் பக்கம் வராது. இந்த மாற்றத்தை எதிர்த்து அப்போது பல நாட்டு போட்டோகிராபர்கள் தங்கள் படங்களை விற்பனையில் இருந்து எடுத்தார்கள். முறை மாறவில்லை.

ஆகவே இதில் வருமானம் என்பது எண்ணிக்கையும் பொறுமையும் சேர்ந்த விஷயம். முதல் வருடம் முழுக்க எனக்குக் கிடைத்தது நண்பர்கள் நால்வர் பிரியாணி சாப்பிடும் அளவு. இப்போது நான்கு தளங்களில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. மாதம் வீட்டு பிராட்பேண்ட் பில்லைக் கட்டி, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பில் கட்டிய மாதம் அப்பாவுக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை!

முழு நேரமாக இதைச் செய்து பெரிதாகச் சம்பாதித்தவர்கள் இல்லாமல் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யூரி ஆர்கர்ஸ் உலகிலேயே அதிகம் விற்ற மைக்ரோஸ்டாக் போட்டோகிராபர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவர் நடத்தியது ஸ்டூடியோ, மாடல்கள், எடிட்டிங் ஆட்கள் என்று பெரிய குழு வைத்த ஒரு கம்பெனி. தனி மனிதர் அந்த எண்களைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பணம் கைக்கு வருவது எப்படி?

குறிப்பிட்ட தொகை சேர்ந்த பிறகுதான் எடுக்க முடியும். அடோபி ஸ்டாக்கில் 25 டாலர் சேர வேண்டும், முதல் விற்பனை ஆகி 45 நாட்களும் ஆகியிருக்க வேண்டும். பேபால், பேயோனியர் மூலம் வாங்கலாம். பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டாலும், வெளிநாட்டில் இருந்து வரும் பணத்தைப் பெறலாம். அது உங்கள் பாங்க் கணக்குக்கு ரூபாயாக வந்துவிடும். டாலரை மாற்றும் இடத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள்.

அமெரிக்கத் தளங்களில் சேர்ந்ததும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். பான் எண்ணைக் கொடுத்து நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் ஆன விற்பனையில் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள். இந்தியா-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15 சதவீதம்தான். இங்கேயும் இந்த வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே பிடித்ததை இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு, ஆடிட்டரிடம் கேளுங்கள்.

என்னைப் போல் வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சேரும்போது கையெழுத்துப் போட்ட ஆபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். வேறு வருமானம் கூடாது, அல்லது முன் அனுமதி வேண்டும் என்ற வரி பல கம்பெனிகளில் உண்டு. நான் எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் முதல் பணத்தை எடுத்தேன். ஆபீஸ் லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ஏஐ வந்த பிறகு?

வார்த்தையில் சொன்னால் படம் வரைந்து தரும் ஏஐ சாப்ட்வேர்கள் 2022-ல் பரவியபோது இந்தத் தொழிலே ஆட்டம் கண்டது. அந்த செப்டம்பரில் கெட்டி, ஏஐ படங்களை ஏற்க மாட்டோம் என்றது. அக்டோபரில் ஷட்டர்ஸ்டாக், ஓபன்ஏஐ கம்பெனியுடன் கூட்டு சேர்ந்தது. டிசம்பரில் அடோபி ஸ்டாக், ஏஐ என்று அடையாளம் காட்டினால் ஏற்போம் என்றது. 2023 மார்ச்சில் அடோபி வெளியிட்ட பயர்பிளை, அடோபி ஸ்டாக்கில் நாம் போட்ட படங்களையும் வைத்துப் பயிற்சி பெற்றது. அதற்காக கான்ட்ரிபியூட்டர்களுக்கு போனஸ் என்று ஒரு தொகை தந்தார்கள். ஷட்டர்ஸ்டாக்கும் இதற்காக ஒரு நிதி வைத்திருக்கிறது.

அதாவது, நம் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மெஷின், இப்போது நமக்கே போட்டியாக அதே அலமாரியில் வந்து நிற்கிறது. கைகுலுக்கும் கோட்டு சூட்டு, கடற்கரைச் சூரியன், வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள் ஆகியவற்றை இனி எடுத்துப் பயனில்லை, நொடியில் அதுவே செய்து தந்துவிடும். அதனால் செய்ய முடியாதது, இந்த ஊரில் இந்தத் தேதியில் இது நடந்தது என்பதற்குச் சாட்சி சொல்வது. எனவே எடிட்டோரியல் படங்களில் கவனம் செலுத்துங்கள். உங்கள் ஊர் வாரச் சந்தை, புதிதாகத் திறந்த பாலம், வெள்ளம் வடிந்த தெரு. சில தளங்களில் ஏஐ பயிற்சிக்கு என் படம் வேண்டாம் என்று மறுக்கும் வசதியும் உண்டு. செட்டிங்ஸ் பகுதியில் தேடிப் பாருங்கள். அக்கா அன்று கேட்ட கேள்விக்கு இப்போது அர்த்தம் இன்னும் கூடியிருக்கிறது. ஒரு முகம் விளம்பரத்துக்குப் போவது ஒன்று, மெஷினுக்குப் பாடமாகப் போவது இன்னொன்று.

சேரலாமா, வேண்டாமா?

வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். கடன் வாங்கி கேமரா வாங்கலாமா என்றால் கட்டாயம் வேண்டாம். ஏற்கெனவே கேமரா இருக்கிறது, படம் எடுப்பதில் ஆசை இருக்கிறது, ஹார்டு டிஸ்கில் படங்கள் சும்மா தூங்குகின்றன என்றால் தாராளமாகச் சேருங்கள். ஒரு வருடம், வாரம் ஐந்து படம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் 260 படங்கள் இருக்கும். எது விற்றது, எது விற்கவில்லை என்று ஒரு எக்செல் ஷீட்டில் எழுதி வாருங்கள். தொடர்வதா வேண்டாமா என்று அதுவே சொல்லிவிடும்.

முதல் பத்தும் திரும்பி வந்தால் மனம் தளராதீர்கள். படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு ஜன்னலோரம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளை எடுத்து வையுங்கள். கம்பெனி முத்திரையை மட்டும் மறக்காமல் அழித்துவிடுங்கள்!